பூஜையில் வைத்த வரைவு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இங்கே நான் எழுதப்போகும் விஷயத்தில் பாதி அந்தக் கோபத்தால் நடந்தது. மீதிப் பாதி கொண்டைக்கடலையால் நடந்தது.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. என் கணவருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். நான் தினமும் கிடர்பூரில் பஸ் மாறி டாலிகஞ்ச் போவேன். அங்கே ஒரு சினிமா ஸ்டுடியோவின் பின்மதிலை ஒட்டி இரண்டு மாடி வீடு ஒன்று இருந்தது. கீழே வீட்டுக்காரர் குடும்பம், மேலே எங்கள் கம்பெனி. மொத்தம் ஏழு பேர். முதலாளி வங்காளி, ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் அவரை 'தாதா' என்று கூப்பிடுவோம். வங்காளத்தில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்; நம் ஊர் சினிமா தாதாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் ஒரு பூனை குறுக்கே போனாலும் ஒதுங்கி வழி விடுகிற ஆள்.

பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி வானொலி சிப் செய்துகொண்டிருந்தது. மின்சார மீட்டர், கதவு மணி மாதிரியான சின்னச் சின்னக் கருவிகள் கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேச உதவும் சிப். அதற்குள் ஓடும் மென்பொருளை எழுதுவதுதான் எங்கள் வேலை. எங்களுக்கு இருந்த ஒரே வேலையும் அதுதான். யார் செய்த கருவியும் யார் செய்த கருவியோடும் பேச வேண்டுமென்றால் எல்லோருக்கும் பொதுவான விதிமுறை வேண்டும். உலகத்தின் பல மூலைகளில் இருந்த கம்பெனிகள் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டு அந்த விதிமுறையை எழுதிக்கொண்டிருந்தன. அது இன்னும் முடிவாகவில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய வரைவு வரும், தலையணை கனத்தில். அதைப் படித்து, அதில் சொன்னபடி மென்பொருள் எழுத வேண்டியது என் பொறுப்பு.

எழுதினேன். அந்தச் சிப்பைப் பொருத்திய எங்கள் இரண்டு சர்க்யூட் போர்டுகள் ஒன்றையொன்று கண்டுபிடித்து, ஒன்று மற்றொன்றின் வலையில் சேர்ந்துகொண்டது. தாதா சந்தேஷ் என்ற பால் இனிப்பு வாங்கிவந்தார். ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம். நான் மூன்று சாப்பிட்டேன், எழுதியவள் நான்தானே.

பத்து நாள் கழித்து பெங்களூரிலிருந்து ஒரு ஈமெயில் வந்தது. எங்கள் போர்டை இன்னொரு நாட்டுக் கம்பெனியின் போர்டோடு வைத்துச் சோதித்திருக்கிறார்கள். சில செய்திகள் ஒழுங்காகப் போயிருக்கின்றன, சில போகவில்லை. முக்கியமாக, 'என்னைச் சேர்த்துக்கொள்' என்று எங்கள் போர்டு கேட்டதை அந்தப் போர்டு சட்டையே செய்யவில்லை. காரணத்தையும் அவர்களே கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள். எங்கள் மென்பொருள் பிட்டுகளைத் தலைகீழ் வரிசையில் அனுப்புகிறதாம். முதல் வருடம் படிக்கிற மாணவர்கூடச் செய்யாத தப்பாம். சம்பந்தப்பட்ட இன்ஜினியர் தவற்றை எழுத்தில் ஒப்புக்கொண்டு திருத்தி அனுப்பவும் என்று முடிந்திருந்தது. சம்பந்தப்பட்ட இன்ஜினியர் நான்.

இந்தத் தலைகீழ் விவகாரத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். கம்பியில்லாமல் போகும் எந்தச் செய்தியும் கடைசியில் ஒன்றும் பூஜ்யமும்தான். ஒவ்வொரு ஒன்றையும் ஒவ்வொரு பூஜ்யத்தையும் பிட் என்பார்கள். அவை கூட்டமாகக் கிளம்ப முடியாது. ஒடுக்கமான வாசல் வழியாக ஒரு குடும்பம் வெளியே போவதுபோல ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும். முதலில் போவது வீட்டுப் பெரியவரா, கடைக்குட்டியா என்பதுதான் கேள்வி. யார் போனாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே மாதிரி நினைத்திருந்தால் போதும். எங்கள் இரண்டு போர்டுகளும் பேசிக்கொண்டதன் ரகசியம் அதுதான். இரண்டிலும் இருந்தது நான் எழுதியது. நானே கேட்டு நானே பதில் சொன்னதற்குத்தான் சந்தேஷ் சாப்பிட்டிருக்கிறோம்.

வரைவை எடுத்துத் தேடினேன். அதில் ஓர் அத்தியாயம், எண்களை அனுப்பும்போது மதிப்பில் சிறிய பிட் முதலில் போக வேண்டும் என்றது. அதாவது கடைக்குட்டி முதலில். வேறொரு அத்தியாயம், செய்தியின் அமைப்பை வரைந்து காட்டும் படங்களில் இடது ஓரத்தில் இருக்கும் பிட் முதலில் போக வேண்டும் என்றது. இரண்டுக்கும் நடுவில் ஓர் அட்டவணை இருந்தது. செய்தியின் வகையைச் சொல்லும் மூன்று பிட்டுகள் அதில் இருந்தன. சேரும் விண்ணப்பத்துக்கு 001, 'கிடைத்தது' என்ற பதிலுக்கு 100, பொது அறிவிப்புக்கு 010. இந்த 001 என்பது எண்ணா, படமா என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

நான் எண் என்று படித்தேன். எண்ணில் சிறிய பிட் வலது ஓரத்தில் இருக்கும். ஆகவே வலது ஓரத்து ஒன்றை முதலில் அனுப்பினேன். அந்த நாட்டுக்காரர்கள் படம் என்று படித்தார்கள். முதலில் வந்ததை இடது ஓரத்தில் வைத்தார்கள். நான் அனுப்பிய சேரும் விண்ணப்பம் அவர்கள் கையில் 100 ஆகிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்று 'சரி, கிடைத்தது' என்று சொன்னால் யார் கதவைத் திறப்பார்கள்? 010 மட்டும் எப்படித் திருப்பினாலும் 010 என்பதால் அறிவிப்புகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. பாதி போய்ச் சேர்ந்ததால் அவர்கள் போர்டில் கோளாறு இல்லை என்றாகி, பழி முழுக்க என் தலையில் விழுந்தது.

தாதா அறைக்குப் போய் வரைவை விரித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மன்னிப்பு மெயிலை அவரே ஆங்கிலத்தில் தயாராக அடித்து வைத்திருந்தார். என் பெயரைச் சேர்த்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. நாங்கள் பேசிக்கொள்வது வங்காளமும் ஆங்கிலமுமாக இருக்கும். இங்கே தமிழில் தருகிறேன்.

"மூணு பிட்டைத் திருப்பிப் போட உனக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். போட்டுட்டு ஒரு சாரி சொல்லு. முடிஞ்சு போச்சு."

"திருப்பிப் போட்டா இன்னொரு அத்தியாயத்தை மீறினதா ஆகும், தாதா. நாளைக்கு என்னை மாதிரியே படிச்ச இன்னொரு கம்பெனி வரும். அப்பவும் சாரி சொல்லணுமா?"

"அப்ப அப்ப பாத்துக்கலாம்."

"நான் செய்யாத தப்புக்கு என் பேரைப் போட மாட்டேன்."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. வெளியே தட்டச்சுச் சத்தம் எல்லாம் நின்றுபோனது. தாதா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார், துர்கா பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறக்கிற அன்று அந்த மெயில் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் இந்த வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுவேன் என்று. ஒரே ஒரு வேலை இருக்கிற கம்பெனியில் அதைப் பிடுங்கிவிட்டால் நான் எங்கே உட்கார்வது? போய்விடு என்பதைத்தான் அந்த நல்ல மனிதர் அப்படிச் சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார்.

இடத்துக்கு வந்த சூட்டோடு பெங்களூருக்குப் போன் போட்டேன். மெயில் எழுதியவர் கோயம்புத்தூர்க்காரர். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசினார். ஆனால் சொன்ன விஷயம் ஒன்றும் இனிக்கவில்லை.

"வரைவுலயே தப்புன்னா கமிட்டிக்குத்தானுங்க எழுதணும். ஆனா உங்க கம்பெனிக்கு அங்க ஓட்டு இல்லீங்க மேடம். எங்களுக்கு இருக்குது."

"அப்ப நீங்க எழுதுங்க சார்."

"ரெண்டு எடம் ஒண்ணோட ஒண்ணு முட்டுதுன்னு மட்டும் எழுதுனா தூக்கி ஓரமா வெச்சிருவாங்க. எது சரின்னு ஆதாரம் வேணுமுங்க. எந்தப் பக்கத்துல என்ன வரி மாத்தணும்னு எழுதித் தரணும். ரெண்டும் குடுத்தீங்கன்னா என் பேர்லயே அனுப்பறேன். விஜயதசமி அன்னிக்கு மத்தியானம் பன்னெண்டு மணிதான் கெடு, நம்ம நேரத்துக்கு."

"ஆதாரம் கிடைக்கலன்னா?"

"கிடைக்கலீன்னா அந்த மெயில அனுப்பிருங்க. கோவிச்சுக்காதீங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சஷ்டியன்று மத்தியானமே ஆபீஸைப் பூட்டினார்கள். தாதா குடும்பத்தோடு பூரிக்கு ரயில் ஏறிவிட்டார். துர்கா பூஜை நாட்களில் கல்கத்தாவில் வேலையைப் பற்றிப் பேசுகிறவரை ஜுரம் வந்தவரைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்கள். நான் வரைவைப் பிரிண்ட் எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். குவார்ட்டர்ஸ் மைதானத்தில் துர்கை சிலைக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியை எங்கள் ஜன்னலுக்கு நேரே இருந்த மரத்தில் கட்டியிருந்தார்கள். சப்தமி முழுக்க டாக் என்னும் வங்காள மேளத்துக்கு நடுவில் படித்தேன். அஷ்டமியன்று என் கணவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பந்தல் பார்க்கக் கூப்பிட்டார், போகவில்லை. அதே குழப்பம் இன்னும் மூன்று அட்டவணைகளிலும் இருந்ததைக் கண்டுபிடித்தேன். முட்டல் நாலு இடத்தில் இருந்தது, ஆதாரம் ஓரிடத்திலும் இல்லை.

நவமியன்று காலையில் பூ வாங்கக் கடைக்குப் போனேன். எங்கள் வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், ஐந்து படி கொலு வைத்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மகனோடு வந்து பல வருடம் ஆகியும் வங்காளத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் மீனுக்கும் காய்கறிக்கும் பேரம் பேசுவதுதான். நான் திரும்பி வந்தபோது சரஸ்வதி பூஜைக்கு எல்லாம் தயாராகியிருந்தது. பலகைமேல் புத்தகங்களை அடுக்கிப் பட்டுத்துணி போர்த்தி, மேலே மஞ்சள் பிள்ளையார். அடுக்கின் அடியில், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, என் வரைவு. துணிக்கு வெளியே தெரிந்த அதன் ஓரத்தில் மூன்று பொட்டு சந்தனம், குங்குமம்.

"அத்தை, அது வேணுமே எனக்கு."

"வீட்லயே பெரிய புஸ்தகம் அதானேம்மா. அதை வைக்காம எதை வைக்கிறது? வச்சாச்சு, தூபமும் காட்டியாச்சு. இனிமே நாளைக்குக் காலைலதான்."

கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தேன். அதன் நெற்றியிலும் சந்தனம். சுவிட்சை அணைத்து, மேலே ஒரு செவ்வந்திப் பூ.

சரஸ்வதி பூஜையன்று ஒருமுறை புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டால் விஜயதசமி காலை பூஜை முடியும்வரை படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. இது தெரியாத தமிழ் வீடு கிடையாது. நான் வானொலி அலைகளைப் பற்றிப் படித்தவள், பகுத்தறிவு பேசுகிறவள். துணியை விலக்கி உருவி எடுக்க எத்தனை நொடி ஆகும்? கையை நீட்டிக்கூடப் பார்த்தேன். முடியவில்லை. அன்றைக்குப் படித்தால் படித்ததெல்லாம் மறந்துபோகும் என்று ஐந்து வயதில் சொல்லிவைத்த பயம், முப்பத்திரண்டு வயதிலும் விரல் நுனியில் உட்கார்ந்திருந்தது. அத்தைமேல் வந்த கோபத்தைப் பூக்கூடையிடம் காட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டேன்.

மத்தியானம் சுண்டல் ஆயிற்று. கறுப்புக் கொண்டைக்கடலை. மறுநாளைக்கென்று வெள்ளைக் கொண்டைக்கடலையும் ஒரு கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, எழுதக் கூடாத கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், கறுப்பை ஒன்றாகவும் வெள்ளையைப் பூஜ்யமாகவும் வைத்துத் தட்டில் அடுக்க ஆரம்பித்தேன். வெள்ளை, வெள்ளை, கறுப்பு. சேரும் விண்ணப்பம். எதிரே என் கணவர் சுண்டலைக் கொறித்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் கணக்குத் தணிக்கை செய்கிறவர். எங்கள் துறையில் ஓர் அட்சரம் தெரியாது. அதுவே நல்லதாகப் போயிற்று.

"இந்தாங்க, நான் ஒண்ணொண்ணா தள்ளுவேன். நீங்க வாங்கி வரிசையா வையுங்க."

"திங்கக் கூடாதா?"

"கூடாது."

வலது ஓரத்துக் கறுப்பை முதலில் தள்ளினேன். அப்புறம் ஒரு வெள்ளை, இன்னொரு வெள்ளை. அவர் தன் இடது கைப்பக்கத்திலிருந்து வைத்துக்கொண்டே வந்தார். கறுப்பு, வெள்ளை, வெள்ளை.

"தப்பா வச்சிருக்கீங்க."

"வந்த வரிசைலதான் வச்சேன். நீ அந்த ஓரத்துலேர்ந்து எடுத்தா நான் என்ன பண்றது?"

"எண்ணுன்னா அந்த ஓரத்துலேர்ந்துதான் எடுக்கணும்."

"இது எண்ணுன்னு எனக்கு யார் சொன்னா? எனக்குத் தெரிஞ்சது கடலைதான்."

இரண்டு பேரும் சரி. அதுதான் பிரச்சினை. அதை நான் ஒரு வாரமாகப் பெங்களூருக்கும் டாலிகஞ்சுக்கும் கத்திக்கொண்டிருக்கிறேன். ஆனால் தணிக்கைக்காரர் ஒரு வாய் சுண்டலை மென்றுவிட்டு அடுத்து ஒன்று கேட்டார்.

"சரி, இந்தச் சட்டத்தை எழுதினவங்க என்ன நினைச்சாங்க? எங்க ஆபீஸ்ல ஒரு ஃபாரத்தை எப்படி நிரப்பணும்னு சண்டை வந்தா, சட்டப் புஸ்தகத்தைப் பாக்க மாட்டோம். பின்னாடி மாதிரிக்கு ஒண்ணு நிரப்பி வச்சிருப்பான். அதைப் பாப்போம். உங்க புஸ்தகத்துல மாதிரி ஒண்ணும் கிடையாதா?"

கடலையை அப்படியே விட்டுவிட்டேன். இருந்தது. வரைவின் கடைசியில், தகவலுக்காக மட்டும் என்று போட்ட பின்னிணைப்புகளில் ஒன்று. ஒரு முழுச் செய்தியை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கட்டிக் காட்டி, அது வானில் எந்த வரிசையில் போகும் என்று கால அம்புக்குறியோடு ஒன்றும் பூஜ்யமுமாக வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். வரைவு வந்த அன்று ஒருமுறை புரட்டியதோடு சரி. விதியாகச் செல்லாத பக்கத்தை யார் படிக்கிறார்கள்? அது என்ன செய்தி என்று ஞாபகமில்லை. பொது அறிவிப்பாக இருந்துவிட்டால், 010 எப்படிப் போனாலும் 010தான், ஒன்றுக்கும் உதவாது. சேரும் விண்ணப்பமாக இருந்தால் நான் பிழைத்தேன், அல்லது ஒரேயடியாக ஒழிந்தேன்.

புத்தகம் ஆறடி தூரத்தில், பட்டுத்துணிக்குக் கீழே, பிள்ளையாரைத் தலையில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் கணவரோடு பந்தல் பார்க்கப் போனேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

விஜயதசமி காலையில் அத்தைக்கு முன்பே குளித்துவிட்டு நின்றேன். அவர் நிதானமாகத்தான் எல்லாம் செய்தார். வெல்லம் போட்ட அவலை நைவேத்தியம் பண்ணி, கற்பூரம் காட்டி, பிள்ளையாரை வடக்கே நகர்த்தி வைத்துவிட்டுத் துணியை எடுத்தார். "ம், படிங்க" என்றார். அன்று எல்லோரும் ஏதாவது நாலு வரி படிக்க வேண்டும், அது சாஸ்திரம். என் கணவர் பஞ்சாங்கத்தை எடுத்தார். நான் வரைவின் கடைசிப் பக்கங்களைத் திறந்தேன்.

மாதிரிக்குக் கட்டியிருந்தது ஒரு சேரும் விண்ணப்பம்.

அம்புக்குறியின் ஆரம்பத்தில், செய்தியின் வகைக்கான மூன்று பிட்டுகள்: ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். கறுப்பு முதலில். கடைக்குட்டி முதலில். நான் அனுப்பியது போலவே. நம்பிக்கை வராமல் மற்ற மூன்று அட்டவணைகளின் பிட்டுகளையும் அதே மாதிரிச் செய்தியில் தேடினேன். இரண்டு அதில் இருந்தன. இரண்டும் என் பக்கம். தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தேன். அத்தை பூஜையின் மகிமை என்று நினைத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

அதற்கப்புறம் எனக்கு நாலு மணி நேரம் இருந்தது. கம்ப்யூட்டர் நெற்றியிலிருந்து செவ்வந்தியை எடுத்து அத்தையிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். கமிட்டிக்கு அனுப்பும் கருத்துத் தாளில் பக்கம், வரி எண், குறை, பரிகாரம் என்று கட்டங்கள். குறையைச் சொல்வது சுலபம், பரிகாரத்தில்தான் கை நின்றது. இடது, வலது என்று எதை எழுதினாலும் இன்னொருவர் வேறு மாதிரி படிக்க இடம் இருந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவருக்கு இடமும் வலமும் தெரிய வேண்டியதில்லை. எது முதலில் வரும் என்றுதான் தெரிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு அட்டவணையின் தலையிலும் ஒவ்வொரு பிட்டுக்கும் ஓர் எண் போடச் சொன்னேன்: இரண்டு, ஒன்று, பூஜ்யம். அத்தியாயத்தின் ஆரம்பத்தில் ஒரே ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னேன்: பூஜ்யம் என்ற எண்ணுள்ள பிட்டே, அது எங்கே வரையப்பட்டிருந்தாலும், முதலில் அனுப்பப்படும். அந்த ஒரு வாக்கியத்தைப் பதினெட்டு முறை எழுதி அழித்தேன்.

டயல்-அப் இணைப்பு இரண்டு முறை அறுந்தது. தஞ்சாவூரிலிருந்து நாத்தனார் விஜயதசமிக்குக் கூப்பிடுவாள், லைனை விடு என்று அத்தை வந்து வந்து நின்றார். பதினொன்றே காலுக்குக் கோயம்புத்தூர்க்காரருக்கு மெயில் போய்ச் சேர்ந்தது. கால் மணி நேரத்தில் வீட்டுப் போன் அடித்தது. நாத்தனார் என்று அத்தைதான் ஓடிப்போய் எடுத்து, என்னிடம் நீட்டினார்.

"மேடம், பாத்தனுங்க" என்றார் கோயம்புத்தூர்க்காரர். "இந்தப் பின்னிணைப்ப நாங்க ஒருத்தருமே பாக்கலீங்க. அனுப்பிட்டேன்."

பூரியிலிருந்து திரும்பிய தாதாவிடம், மெயில் அனுப்பவில்லை, கமிட்டிக்குக் கருத்துத்தான் போயிருக்கிறது என்றேன். அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். வாடிக்கையாளரே தன் பெயரில் அனுப்பியிருக்கிறார் என்ற பிறகு அவருக்கு என்னைத் திட்டவும் வழியில்லை, பாராட்டவும் தைரியமில்லை. "கமிட்டி என்ன சொல்றாங்கன்னு பாப்போம்" என்றார். அதுவரை அவருடைய மன்னிப்பு மெயில் அவர் கம்ப்யூட்டரிலேயே காத்திருக்கும் என்பதும் எனக்குப் புரிந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை ஏழரை மணிக்குக் கமிட்டியின் தொலைபேசிக் கூட்டம். பல நாட்டுக்காரர்கள் ஒரே லைனில். கோயம்புத்தூர்க்காரர் எங்களையும் கூட்டத்தில் சேர்த்திருந்தார். தாதா அறையில் ஸ்பீக்கர் போனைச் சுற்றி நின்றோம். எங்கள் கருத்தின் முறை வந்ததும் அந்த நாட்டுக் கம்பெனிக்காரர் ஆட்சேபித்தார். அவர்கள் போர்டுகள் ஏற்கனவே பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன, படித்தவர்கள் எல்லோரும் இடமிருந்து வலமாகத்தான் படிப்பார்கள், யாரோ ஒருவர் தவறாகப் படித்ததற்காக விதிமுறையை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டார். கோயம்புத்தூர்க்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதை எழுதிய என் சக இன்ஜினியரே பதில் சொல்வார் என்றார்.

யாரோ ஒருவர் என்ற வார்த்தையில் எனக்கு ஏற வேண்டியது ஏறிவிட்டிருந்தது. ஆனால் கடலையைத் தள்ளிய நிதானத்தில்தான் பேசினேன். யார் எப்படிப் படித்தோம் என்ற பேச்சே வேண்டாம், ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன் என்றேன். பின்னிணைப்பில் கமிட்டியே கட்டிக் கொடுத்திருக்கும் மாதிரிச் செய்தியை உங்கள் போர்டுக்குள் எப்போதாவது அனுப்பிப் பார்த்திருக்கிறீர்களா?

ஸ்டுடியோ மதில்மேல் காகம் கத்துவது மட்டும் கேட்டது, உலகம் முழுக்கக் கேட்டிருக்கும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் அவர்.

அடுத்த வாரம் சொன்னார். நேர்மையான மனிதர், சுற்றி வளைக்கவில்லை. கமிட்டியின் சொந்த மாதிரிச் செய்தியை அவர்கள் போர்டு வாங்க மறுத்துவிட்டதாம். அந்தப் பகுதி நல்லவேளையாக மென்பொருளில்தான் இருக்கிறது, மாற்றிக்கொள்கிறோம் என்றார். வரைவைத் தொகுப்பவர், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏற்கப்பட்டது என்று அவர் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு நான் மேஜையில் ஓங்கித் தட்டியதில் தாதாவின் தேநீர் சாஸரில் சிந்தியது.

புதிய வரைவு குளிர்காலத்தில் வந்தது. நாலு அட்டவணைகளின் தலையிலும் இரண்டு, ஒன்று, பூஜ்யம் என்று எண்கள். அத்தியாயத்தின் ஆரம்பத்தில் என் வாக்கியம், ஒரு சொல்லும் மாறாமல். அதை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அந்த வரைவை வைத்துப் பெங்களூரில் மறுபடி சோதனை நடந்தது. இந்த முறை மூன்று கம்பெனிகள். மூன்றாவது கம்பெனியை நாங்கள் யாரும் பார்த்ததுகூடக் கிடையாது. அவர்களும் எங்களைக் கேள்விப்பட்டதில்லை. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அந்தப் புத்தகம் மட்டும்தான். நான் காலையிலிருந்து ஒரு வேலையும் செய்யாமல் போனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்கு அடித்தது.

"மூணும் சேந்துருச்சுங்க மேடம்" என்றார் கோயம்புத்தூர்க்காரர். "மொதல் தடவையே. அந்த மூணாவது கம்பெனிக்காரங்க போர்ட்ல கரண்ட் குடுத்ததுமே உங்க போர்டோட சேந்துருச்சு. நான் ஒண்ணுமே தொடலீங்க."

சரிங்க, சரிங்க என்று அவர் பாணியிலேயே இரண்டு முறை சொன்னேன்.

"இன்னொண்ணு. அன்னிக்கு எழுதுன மெயில் தப்புங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. இப்பவே எழுதி அனுப்பறேன், எல்லாத்துக்கும். அடுத்த பகுதிக்கும் நீங்கதான் எழுதணும்னு கேட்டிருக்கோம். வேற யாரையும் போட வேண்டாம்னு உங்க தாதா கிட்டச் சொல்லிருங்க."

தாதா தன் அறை வாசலில் வந்து நின்று, என்ன என்று தலையை மட்டும் ஆட்டிக் கேட்டார். நான் வங்காளத்தில் சொன்னேன், நம்ம போர்டு முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்ததாம் என்று. மொத்த ஆபீஸும் எழுந்து நின்றது. தாதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை கண்ணையும் துடைத்தார்.

"நான்தான் முன்னாடியே சொன்னேனே" என்றார்.

வேறொரு நாளாக இருந்திருந்தால் அந்த ஒரு வரிக்கு நான் கூரையைப் பிய்த்திருப்பேன். அன்று, "ஆமா தாதா, நீங்கதான் சொன்னீங்க" என்றேன். ஜெயித்தவளுக்கு அது பெரிய செலவு இல்லை.